சத்தம் எங்களுக்கு, பந்தயம் யாருக்கு?

இருங்காட்டுக்கோட்டை என்று சொன்னால் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் "எங்கடா இருக்கு அது?" என்பார்கள். "ஹூண்டாய் கம்பெனி இருக்குல்ல, அதே இடம்" என்றால்தான் "ஓ, அதுவா" என்று பதில் வரும். ஹூண்டாய் அங்கே கார் செய்ய ஆரம்பித்தது 1998ல். அதற்கு எட்டு வருடம் முன்பே, 1990லேயே, அங்கே கார் பந்தயத்துக்கென்று ஒரு டிராக் வந்துவிட்டது. நீளம் 3.717 கிலோமீட்டர். நரேன் கார்த்திகேயன் ஓட்டியிருக்கிறார், கருண் சந்தோக் ஓட்டியிருக்கிறார், நம்ம 'தல' அஜித் ஓட்டியிருக்கிறார். ஆனாலும் அடையாளம் சொல்ல ஹூண்டாய்தான் வேண்டியிருக்கிறது. சரி, விடுங்கள்.

என் சொந்த ஊர் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சின்ன வயதில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் கேட்கும். நூறு தேனீக்களை ஒரு சொம்புக்குள் போட்டு மூடினமாதிரி இருக்கும். "ரேஸ் விடறாங்கடா" என்பார் அப்பா. அவ்வளவுதான். யார் விடுகிறார்கள், எதற்கு விடுகிறார்கள், நாம் போய்ப் பார்க்கலாமா, ஒன்றும் தெரியாது. கேட்கவும் தோன்றாது. மழைச் சத்தம் மாதிரி அதுவும் ஒரு சத்தம்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் விடுதியில் நடந்த ஒரு சண்டை. 2024ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் சரியா தப்பா என்று ஆரம்பித்தது. "சென்னைக்குப் பெருமை" என்று ஒரு கோஷ்டி. "ஊருக்கு நடுவுல எதுக்கு இந்தக் கூத்து? அதுக்குன்னு இருங்காட்டுக்கோட்டையில ஒரு இடம் இருக்கே, அங்க கொண்டுபோய் வெச்சுக்க வேண்டியதுதானே" என்று இன்னொரு கோஷ்டி. ரெண்டு மணி நேரம் கத்தினார்கள். அந்த அறையில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன் நான் ஒருவன்தான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் ரெண்டு கோஷ்டிக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டிப் போகலாம்.

மெட்ராஸில் ரேஸ் என்றால் ஒரு காலத்தில் சோழவரம். வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் கார், பைக் பந்தயம் நடத்தியது. 1980களில் விஜய் மல்லையா (ஆமாம், அவரேதான்!) பழைய ஃபார்முலா 1 வண்டி ஒன்றைக் கொண்டுவந்து அங்கே ஓட்டியிருக்கிறார். கோயம்புத்தூர் கரிவரதன் மாதிரி ஆட்கள் தாங்களே வண்டி கட்டி ஓட்டிய காலம். கூட்டம் ஆயிரக்கணக்கில் வரும். அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போன கதையைச் சொல்வார்கள். வெயில், புழுதி, காது கிழியும் சத்தம். காணும் பொங்கலுக்குப் பீச்சுக்குப் போகிற மாதிரி சோழவரத்துக்குப் போயிருக்கிறார்கள்.

ஆனால் ஓடுதளம் ஓடுதளம்தான். அது பந்தயத்துக்காகப் போட்டதில்லை, கிளப்புக்குச் சொந்தமும் இல்லை. நிரந்தரமாக ஒரு டிராக் வேண்டும், ஒழுங்கான வளைவுகள் வேண்டும், வண்டி தடம் மாறினால் போய் நிற்க இடம் வேண்டும். இதெல்லாம் நியாயமான காரணங்கள். அதனால் 1990ல் மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம், இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தார்கள். நான் அந்த இடமாற்றத்தைக் குறை சொல்ல வரவில்லை. இன்றைக்கு இந்தியாவில் ரேஸ் என்று ஒன்று உயிரோடு இருக்கிறது என்றால் அதில் பெரிய பங்கு அந்த டிராக்குக்கு உண்டு.

டிராக் வந்தது. சோழவரத்தில் கூடிய கூட்டம் வரவில்லை. என் வழக்கே இந்த ஒரு வரிதான். வராத கூட்டத்தை வரவைக்க முப்பத்தைந்து வருடத்தில் எந்த அரசாவது என்ன செய்தது?

இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் என்று ஒரு கிராமம். அங்கேயும் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம்தான். சோழவரத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1948ல் அங்கே பந்தயம் ஆரம்பித்தது. 1950 மே 13ந் தேதி ஃபார்முலா 1 உலகப் போட்டியின் முதல் பந்தயமே அங்கேதான் நடந்தது. லண்டனில் இருந்து பக்கமும் இல்லை, சுற்றிலும் வயல். ஆனால் அந்த டிராக்கைச் சுற்றி ஒரு தொழிலே வளர்ந்தது. மெர்சிடிஸ் அணி பிராக்லியில், ரெட்புல் அணி மில்டன் கீன்ஸில், ஆஸ்டன் மார்ட்டின் அணி டிராக் வாசலிலேயே. அந்தப் பக்கத்துப் பையன் படித்து முடித்தால் பக்கத்து ஊரிலேயே பந்தய வண்டிக்கு வேலை செய்யப் போகலாம்.

நம் பக்கம் வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய். ஒரகடத்தில் 2010ல் ரெனோ-நிசான் ஆலை, 2012ல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி, 2013ல் ராயல் என்ஃபீல்டு. டயருக்கு அப்போலோ, ஜே.கே. கண்ணாடிக்கு செயின்ட் கோபைன். வண்டிகளைச் சோதித்துப் பார்க்க ஒரகடத்திலேயே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம். இதற்கெல்லாம் நடுவில் உலகத் தரத்தில் ஒரு ரேஸ் டிராக். சில்வர்ஸ்டோன்காரன் பார்த்தால் பொறாமைப்படுவான். ஒரு கார் பிறக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். தீவுத்திடலில் ஓடியதே ஃபார்முலா 4 வண்டி, அதற்குள் இருப்பது ஆல்பைன் எஞ்சின். ஆல்பைன் ரெனோவுடைய பிராண்டு. அந்த ரெனோ இந்தியாவில் கார் செய்வது நம் ஒரகடத்தில். எங்கள் கல்லூரி மெக்கானிக்கல் பசங்கள் சொந்தமாக ஒரு குட்டிப் பந்தய வண்டி கட்ட ஆசைப்படுகிறார்கள். கட்டி முடித்தால் மாணவர் போட்டிக்கு அவர்கள் போக நினைப்பது கோயம்புத்தூர் கரி டிராக்குக்கு. டிராக் இருப்பது பக்கத்து ஊரில், போட்டிக்குப் போவது 500 கிலோமீட்டர்!

இப்போது என் பெரியப்பா மகன் கதை. அண்ணன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரு உதிரிபாக கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. பிரேக்குக்குப் போகும் ஒரு பாகத்தை ஒரு ஷிப்டுக்கு எத்தனை நூறு பொருத்துவான் என்று அவனுக்கே கணக்குத் தெரியாது. 2024 செப்டம்பர் 1, ஞாயிறு ராத்திரி. நைட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறவன் எனக்கு போன் செய்கிறான். "டேய், நேப்பியர் பாலத்துல ரேஸ் கார் போகுதுடா, செல்லுல பாத்துக்கிட்டிருக்கேன், செமையா இருக்கு!" பஸ்ஸே பார்த்துக்கொண்டிருந்ததாம், டிரைவர் தவிர.

நான் சொன்னேன்: "அண்ணே, இதே வண்டிங்க போன வாரம் சனி, ஞாயிறு நம்ம இருங்காட்டுக்கோட்டையிலதான் ஓடுச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டான், "யாருமே சொல்லலியேடா?"

உண்மை அதுதான். அந்த ஆண்டுத் தொடரின் முதல் சுற்று ஆகஸ்ட் 24, 25 தேதிகளில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்தது. இரண்டாவது சுற்று ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைச் சாலையில். மூன்றாவது மறுபடியும் செப்டம்பர் 14, 15ல் இருங்காட்டுக்கோட்டையில். அதே வண்டிகள், அதே ஓட்டுநர்கள். நடுவில் நடந்த ஒன்றுக்கு மட்டும் விளக்கு, வாணவேடிக்கை, மந்திரிகள், டிவி, நீதிமன்றம், சண்டை எல்லாம். முன்னும் பின்னும் நடந்த ரெண்டும் எங்கள் காதுக்குக்கூட வரவில்லை. எங்களுக்கு வந்தது வழக்கம்போல அந்தத் தேனீச் சத்தம்தான்.

முதல் கோஷ்டிக்கு வருகிறேன், 'சென்னைக்குப் பெருமை' கோஷ்டி. முதலில் 2023 டிசம்பரில் நடத்த இருந்து மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன பந்தயம் இது. அரசுத் தரப்பில் சுமார் 42 கோடி ரூபாய் என்று வழக்கில் பேசப்பட்ட தொகை ஞாபகம் இருக்கட்டும். ரெண்டு நாள் கூத்துக்கு 3.5 கிலோமீட்டர் நகரச் சாலையைப் பந்தயத் தடமாக மாற்றி, தடுப்பு வைத்து, அப்புறம் பிரித்து எடுத்து... பக்கத்திலேயே ரெண்டு பெரிய அரசு ஆஸ்பத்திரி. சாலை போட்டால் அப்புறமும் பயன்படுமே என்பீர்கள். பயன்படட்டும். அண்ணா சாலைக்கு ரோடு போட ரேஸ் வரவேண்டும் என்றால் அப்புறம் மாநகராட்சி எதற்கு?

எனக்கு உறைப்பது வேறு ஒன்று. அதே 2023ல் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பந்தயத்தின்போது ரெண்டு உயிர் போயிருக்கிறது. ஜனவரியில் 59 வயது கார் ஓட்டுநர், ஆகஸ்ட்டில் 13 வயதுப் பையன் ஒருவன், பைக் பந்தயத்தில். நான் யார் மேலும் பழி போடவில்லை. ரேஸ் ஆபத்தான விளையாட்டு, எல்லா நாட்டிலும் நடப்பதுதான். ஆனால் ஒரு அரசுக்கு மோட்டார் விளையாட்டின்மேல் திடீரென்று அக்கறை வந்து, கையில் கோடிக்கணக்கில் பணமும் இருந்தால், அந்த வருடத்தில் முதல் ரூபாய் எங்கே போயிருக்க வேண்டும்? ரெண்டு நாளில் பிரித்து எடுக்கப்போகும் தடுப்புக்கா, வருடம் முழுக்கப் பிள்ளைகள் ஓட்டிப் பழகும் டிராக்குக்கா?

"இருங்காட்டுக்கோட்டைக்கு யார் வருவாங்க, ரொம்ப தூரம்" என்று ஒரு பதில் வரும். 2022ல் செஸ் ஒலிம்பியாட் நடத்தினார்களே, எங்கே? மாமல்லபுரத்தில். சென்னையில் இருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தூரம் என்று யாராவது சொன்னார்களா? நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் பெயின்ட் அடித்து, ஊர் முழுக்கத் தம்பி குதிரையை நிறுத்தி, ஆட்டத்தை மட்டும் மாமல்லபுரத்தில் நடத்தினார்கள். உலகமே வந்தது. இருங்காட்டுக்கோட்டை அதைவிடப் பக்கம். 2023 ஐபிஎல்லில் சேப்பாக்கம் டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசமாகப் போகலாம் என்று வைத்தார்கள். எவ்வளவு நல்ல யோசனை! பூந்தமல்லியில் இருந்தும் ஒரகடத்தில் இருந்தும் ரேஸ் நாளில் நாலு பஸ் விட அதே யோசனை ஏன் வரவில்லை?

அடுத்து ரெண்டாவது கோஷ்டி, 'அங்க கொண்டுபோய் வெச்சுக்க' கோஷ்டி. நீங்கள் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மன்னிக்கவும், உங்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். நீங்கள் இருங்காட்டுக்கோட்டை என்று சொல்லும்போது அது ஒரு ஊர் என்ற நினைப்பே உங்களுக்கு இல்லை. வீட்டில் பழைய சாமானைப் போட்டுவைக்கும் பரண் மாதிரிச் சொல்கிறீர்கள். சத்தமா, அங்கே போடு. தொழிற்சாலையா, அங்கே போடு. லாரியா, அங்கே நிறுத்து. விமான நிலையமா, பரந்தூரில் போடு. பந்தயம் நல்லது என்றால் 'எங்களுக்கும் வேண்டும்' என்று நாங்கள் கேட்போம். கெட்டது என்றால் எங்கள் தலையில் மட்டும் ஏன்? எங்கள் ஊரிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கிறவன் இருக்கிறான்.

இந்தப் பக்கத்து நிலைமை தெரியாதவர்களுக்கு ஒரு தகவல். இத்தனை லட்சம் பேர் வேலை செய்யும் ஸ்ரீபெரும்புதூருக்கு இன்றுவரை ரயில் நிலையம் கிடையாது. ஆவடியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு ரயில் பாதை பல வருடங்களாகக் காகிதத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் எங்கள் பக்கத்து உண்மையான ரேஸ். கொடி அசைத்தாயிற்று, வண்டியைத்தான் காணோம் :-)

அந்த ரேஸ் முடிந்து சரியாக எட்டாவது நாள், 2024 செப்டம்பர் 9ந் தேதி, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். சங்கம் வைக்கும் உரிமைக்காக ஒரு மாதத்துக்கு மேல் நீண்டது அது. அதற்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இல்லைதான். ஆனால் எங்கள் பக்கம் டிவியில் வர வேண்டுமென்றால் தெருவில் உட்கார வேண்டியிருக்கிறது. நாங்கள் செய்யும் வண்டி டிவியில் வர வேண்டுமென்றால் அது சென்னைக்குப் போக வேண்டியிருக்கிறது.

"போடா, ரேஸ் பணக்காரன் விளையாட்டு, உங்க ஊர் ஜனத்துக்கு எதுக்கு?" என்று பின்னூட்டம் போடப்போகும் அன்பர்களுக்கு முன்கூட்டியே பதில். ஓட்டுவது பணக்காரன் விளையாட்டுதான், ஒத்துக்கொள்கிறேன். பார்ப்பது அப்படி இல்லை. சோழவரத்தில் நின்ற ஆயிரக்கணக்கான பேர் ஜமீன்தார்களா? அஜித் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் அணியோடு பிரிவில் மூன்றாவதாக வந்தபோது கொடி பிடித்துக் கத்தியவர்கள் எல்லாம் கோடீஸ்வரர்களா? அதோடு, வண்டி ஓட ஓட்டுகிறவன் மட்டும் போதாது. நாலு டயர் மாற்றுகிறவன், எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவன், கம்ப்யூட்டரில் எண்களைப் பார்க்கிறவள், கொடி காட்டுகிறவள், எல்லாரும் வேண்டும். அந்த வேலைகளுக்கான கைகள் எங்கள் பக்கம்தான் ஷிப்டு ஷிப்டாகக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகின்றன.

இன்னொரு எதிர்வாதம்: "ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த புத்தா சர்க்யூட் என்ன ஆச்சு பார்." டெல்லிக்கு வெளியே கிரேட்டர் நொய்டாவில் பெரிய செலவில் கட்டினார்கள். 2011, 2012, 2013 மூன்று வருடம் ஃபார்முலா 1 நடந்தது, மூன்றிலும் வெட்டல்தான் ஜெயித்தார். அப்புறம் வரித் தகராறு, ஃபார்முலா 1 திரும்பி வரவே இல்லை. இது என் வாதத்துக்குத்தான் பலம். வானத்தில் இருந்து இறக்கிய பந்தயம் வானத்துக்கே போய்விடும். அக்கம்பக்கத்து ஜனத்துக்கு அது 'நம்ம டிராக்' என்று ஆகியிருந்தால், பெரிய பந்தயம் போனாலும் சின்னப் பந்தயத்துக்குக் கூட்டம் இருக்கும்.

அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் சீசன் தொடங்கும் முன் பயிற்சிக்கு ஃபுளோரிடாவில், அரிசோனாவில் இருக்கும் சிறு ஊர்களுக்குப் போகின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி பல பத்தாண்டுகளாக வீரோ பீச் என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்து, 2009ல் அதை விட்டு அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரத்தின் புறநகருக்கு மாறியது. பயிற்சி ஆட்டம்தான், கோப்பை ஒன்றும் கிடையாது. ஆனாலும் பெரிய ஆட்டக்காரன் பத்தடி தூரத்தில் நிற்பான், பையன்கள் வேலியோரம் நின்று கையெழுத்து வாங்குவார்கள். அதற்காகவே ஊர்கள் 'எங்க ஊருக்கு வா' என்று போட்டி போடுகின்றன. வெளியூர் என்றால் தள்ளிவைக்கிற இடம் என்று அங்கே அர்த்தம் இல்லை.

நாங்கள் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. ரேஸ் தேதி தமிழில் ஒரு நோட்டீஸாக ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டிலும் கம்பெனி வாசல்களிலும் ஒட்டப்பட வேண்டும். அன்றைக்கு நெடுஞ்சாலையில் இருந்து டிராக் வரை பஸ் வேண்டும். வெயிலுக்கு நிழல், குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை. சுற்றுவட்டார அரசுப் பள்ளி, ஐ.டி.ஐ. பிள்ளைகளை வருடத்துக்கு ஒரு தடவையாவது உள்ளே கூட்டிப்போய் ஒரு வண்டியைப் பிரித்துக் காட்ட வேண்டும். டிராக்கின் பாதுகாப்புக்கு அரசு பணம் போட வேண்டும். நாலு தடுப்புக்கு ஆன காசில் இதில் பாதி முடிந்துவிடும்.

2025 ஆகஸ்ட்டில் அந்தத் தொடர் மறுபடி இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. இந்தத் தடவை நான் அண்ணனுக்கு முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டேன். அவனுக்கு அன்றைக்கு ஓவர்டைம், வர முடியவில்லை. நான் மட்டும் போனேன். ஒரு வண்டி எனக்கு முன்னால் வந்து கடைசி நொடியில் பிரேக் போட்டுத் திரும்பியது. வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. இத்தனை வருடம் கேட்ட சத்தத்துக்கு அன்றுதான் முகம் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "நம்மள உள்ள விடுவாங்களா?" என்று கேட்டார். முப்பத்தைந்து வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருக்கும் மனுஷன் கேட்கிற கேள்வி இது. விடுதியில் கத்திய ரெண்டு கோஷ்டியும் முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் சண்டையைத் தொடரலாம்.

பி.கு.: அடுத்த ரேஸ் தேதி தெரிந்ததும் சொல்கிறேன். வருகிறவர்கள் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் மண்டையைப் பிளக்கும். அப்பாவும் வருகிறார்.